லார்ஜ் சைஸுக்கு ஒரு உடம்பு

திருப்பூரில் மற்ற பனியன் கம்பெனி முதலாளிகள் கையில் நாலு காசு சேர்ந்ததும் பங்களா கட்டினார்கள், வெளிநாட்டு நாய் வாங்கினார்கள். ஆத்தப்பன் கபடி செட் வைத்திருந்தார். தொண்ணூறுகளில் அவருடைய செட் அவிநாசி, சோமனூர், காங்கேயம் என்று எங்கே பந்தல் போட்டாலும் போய் ஆடி, கோப்பையோடு திரும்பி வரும். ஆட்டக்காரர்கள் எல்லோரும் சம்பளக் கணக்கில் டெய்லர்கள். ஊசிக்கு நூல் கோர்க்கச் சொன்னால் ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கிற டெய்லர்கள். முதுகில் கம்பெனி பெயர், நெஞ்சில் கம்பெனி பெயர், தொடையில் கம்பெனி பெயர். இடம் பற்றாததால் ஆட்டக்காரன் பெயர் மட்டும் எங்கேயும் போடவில்லை.

அந்த செட்டில் பாடிப் போவதற்குச் சென்னிமலையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற குடும்பம். சென்னிமலை முருகனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் மலையின் பெயரையே வைத்துவிட்டார்கள். 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிராளிகளுக்குள் புகுந்தானென்றால், நாலு பேர் காலைக் கட்டினாலும் நாலு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொடுவான். முழங்கால் ஒருநாள் 'எனக்குச் சம்மதமில்லை' என்று சொல்லும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

முழங்கால் போன அதே வருஷம் முதலாளிக்கும் கபடி மேல் ஆசை போய்விட்டது. ஜெர்மனியிலிருந்து பனியன் வாங்க வந்த பையர் ஒருவரை ஆட்டம் பார்க்க அழைத்துப்போயிருந்தார். அந்த மனிதர் பாதியில் எழுந்து நின்று, "ஏன் அவரை இத்தனை பேர் அடிக்கிறார்கள்? இது உங்கள் தொழிலாளர் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டார். அதோடு செட் கலைந்தது. ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம். நேரம் எப்படிப் போகிறது என்று இனிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

சென்னிமலையைப் பேக்கிங்கில் போட்டார்கள். அங்கேயே அட்டைப்பெட்டி தூக்கிக் காலம் கழித்திருப்பான். சகாயராஜ் மட்டும் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வராமல் இருந்திருந்தால்.

சகாயராஜ் பேட்டர்ன் மாஸ்டர், தூத்துக்குடிக்காரர். பனியனுக்கு அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பவர். ஜெர்மனிக்காரர்கள், சாம்பிளைத் தைத்து லார்ஜ் சைஸ் உடம்பில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று மெயிலுக்கு மெயில் எழுதினார்கள். அதற்கென்று பொம்மை விற்கிறது. அதன் விலையைக் கேட்ட ஆத்தப்பன் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங் மாஸ்டர், இத்தன பேரு நம்ம கம்பெனில சோறு திங்கறாங்க. ஒருத்தன் லார்ஜ் இருக்க மாட்டானுங்களா?"

சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக எல்லோரையும் அளந்துகொண்டு வந்த சகாயராஜ், சென்னிமலையிடம் வந்ததும் நின்றுவிட்டார். நெஞ்சு, தோள், இடுப்பு, கை நீளம், எல்லாம் ஜெர்மனியிலிருந்து வந்த அளவு சார்ட்டில் உள்ளபடியே இருந்தது. ஜெர்மனிக்காரன் இவனை நிறுத்தி வைத்து அளந்துதான் சார்ட்டே எழுதியிருப்பான் போலிருந்தது. "அண்ணே, நீங்க பேக்கிங்ல இருக்க வேண்டிய ஆளே இல்லண்ணே" என்றார் சகாயராஜ். அன்று சாயங்காலமே சென்னிமலை மாடிக்கு, ஏசி போட்ட சாம்பிள் ரூமுக்குப் போனான்.

வேலை என்ன? கையைத் தூக்கு என்றால் தூக்க வேண்டும். இறக்கு என்றால் இறக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து திரும்பி நின்றால் முடிந்தது. மற்ற நேரமெல்லாம் நாற்காலி. வருகிற போகிற பெரிய மனிதர்களிடம் முதலாளி அவனைக் காட்டி, "இவருதானுங்க எங்க லார்ஜ்" என்பார். எஞ்சினியர், டாக்டர் என்று சொல்வதுபோல் இருக்கும். சென்னிமலையும் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வான். கோப்பை இல்லை, கைதட்டல் இல்லை. ஆனாலும் ஊரில் எத்தனை பேருக்கு இந்தப் பட்டம் கிடைக்கும்?

ஆட்டத்திலிருந்து முழங்கால் ஓய்வு பெற்றது, தோள் ஓய்வு பெற்றது. வயிறு மட்டும் ஓய்வு பெறவில்லை. ஆடுகிற காலத்தில் தின்ற அதே முட்டையும், அதே ஞாயிற்றுக்கிழமைக் கறியும் தொடர்ந்தன. சாயங்காலம் சகாயராஜோடு முக்கு பேக்கரியில் தேங்காய் பன் சேர்ந்துகொண்டது. ஏசியில் உட்கார்ந்திருந்தால் பசி எடுக்காது என்று யார் சொன்னது?

ஒரு சீசனில் சாம்பிளை மாட்டினான். வயிற்றில் பிடித்தது. ரூமில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, என்ன பிடிக்கிறது என்று. ஆனால் இது கொங்கு நாடு. இங்கே ஒருவரைப் பார்த்து 'குண்டாயிட்டீங்க' என்று சொல்வதைவிட, அவர் வீட்டுச் சுவரை இடித்துவிட்டு வருவது மரியாதையான காரியம். அதுவும் நேற்றுவரை ஊரே தூக்கி வைத்து ஆடிய ஆட்டக்காரரிடம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அப்புறம் சகாயராஜ்தான், இத்தனை வருஷம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்த புண்ணியத்தில், வழி கண்டுபிடித்தார்.

"துணி இழுத்துட்டுண்ணே."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். பின்னல் துணி என்றால் சுருங்கத்தான் செய்யும். அதில் பொய் ஒன்றும் இல்லை. சாயப்பட்டறைக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். அவரும் தன் மேல் தப்பே இல்லாமல், "தண்ணி மாறிப்போச்சுங்க, அடுத்த தடவ பாத்துக்கறனுங்க" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். சகாயராஜ் அட்டையில் வயிற்றுப் பக்கம் அரை இஞ்ச் தளர்த்தி வெட்டினார். அடுத்த சீசனிலும் துணி இழுத்தது. இன்னொரு அரை இஞ்ச். சார்ட்டில் இருப்பதைவிடப் பீஸ் பெரிதாக இருக்கிறதே என்று செக்கிங்கில் கேட்டால், "துவைச்சா வந்துரும்லா" என்றார். இப்படியே ஒவ்வொரு சீசனும் சென்னிமலை வளர, அவனோடு கூடவே ஆத்தப்பன் கம்பெனியின் லார்ஜும் வளர்ந்தது.

வீட்டில் மனைவி மதுமதி மட்டும் உண்மையைச் சொன்னாள். அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குபவள். "ஏனுங் மாமா, மொதல்ல வயிறு ஊட்டுக்குள்ள வருது. பொறவுதான் நீங்க வர்றீங்க" என்பாள்.

"துணி சுருங்கியிருக்குது புள்ள. உனக்குத் தெரியாததா?" என்பான் அவன். வீட்டுச் சட்டைகளும் சுருங்கின. பேண்ட் சுருங்கியது. கடைசியில் இடுப்பு பெல்ட்டும் சுருங்கியபோது, தோலுக்கும் இந்த ஊர்த் தண்ணீர் ஆகாது என்று விளக்கம் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினான். மரியாதைக்காக ஒரு ஊரே சேர்ந்து சொல்கிற பொய்யை, அதன் நடுவில் நிற்கிறவன் எப்படிச் சந்தேகப்படுவான்?

ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா கட்டுப்பாடு முடிந்து ஆர்டர்கள் மளமளவென்று வந்துகொண்டிருந்த ஒரு வருஷம், ஜெர்மனியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. அந்த ஊர்க் கடையில் ஓர் ஆள் ஆத்தப்பன் கம்பெனி டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. கூடவே, ஜெர்மனிக்காரர்களுக்காகச் சரக்கைச் சோதித்து வாங்கும் பெங்களூர் பையிங் ஆபீஸிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து இறங்கினார். அந்த மனிதருக்குக் கொங்கு மரியாதை ஒன்றும் தெரியாது. பீஸை அளந்தார். பிறகு சென்னிமலையை அளந்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இவர் லார்ஜ் இல்லை சார். டபுள் எக்ஸெல். எத்தனை வருஷமா இவருக்குத் தைக்கறீங்க?" என்றார்.

எல்லோரும் மறுபடி ஜன்னலைப் பார்த்தார்கள்.

கபடியில் அவுட்டானால் வெளியே போய் உட்காரலாம். அதற்கொரு இடம் இருக்கும். இங்கே எங்கே போவது என்று சென்னிமலைக்குத் தெரியவில்லை. பாதி மாட்டிய பனியனோடு நின்றான். வெட்கமாக இருந்தது. வயிற்றுக்காக அல்ல. இத்தனை வருஷம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் தனக்கு மட்டும் தெரியாமல் போயிற்றே என்றுதான்.

ஆத்தப்பன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. தோளில் கை போட்டு, "சென்னிமலை, சித்தெ ஒடம்ப எறக்கிக்கலாம் கண்ணு. அடுத்த சீசன் சாம்பிள் ஃபிட் பாக்கறதுக்குள்ள பழையபடிக்கு வந்துட்டா நீதான் லார்ஜ். வரலீன்னா..." என்று நிறுத்தினார். வரவில்லையென்றால் பேக்கிங். அதை வாயால் சொல்வது மரியாதை இல்லை.

அதுவரைக்கும் இருக்கட்டும் என்று பையர் ஒரு பொம்மை அனுப்பி வைத்தான். தலை கிடையாது, கை கிடையாது. கழுத்தில் 'L' என்று எழுதியிருந்தது. சென்னிமலை நிற்கிற இடத்திலேயே, ஏசிக்கு நேராக அதை நிறுத்தினார்கள். அதற்குத் தேங்காய் பன் வேண்டாம், சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டாம். சாயப்பட்டறைக்காரர்கூட வந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தார். தலையில்லாத ஒன்றைப் பார்த்து இவ்வளவு பொறாமைப்பட முடியும் என்று சென்னிமலைக்கு அதற்கு முன் தெரியாது.

உடம்பைக் குறைப்பது என்று முடிவு செய்து முதலில் ஜிம்முக்குப் போனான். சுற்றிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் டபுள் எக்ஸெல். ஓடுகிற மெஷின் மேல் ஏற்றிவிட்டார்கள். எவ்வளவு ஓடினாலும் அதே இடத்தில் நின்றான். "இதுல எதிர் டீமு எங்கீங்க?" என்று கேட்டான். பயிற்சி கொடுக்கிறவர், "உங்களுக்கு நீங்கதான் சார் எதிரி" என்றார். தன்னையே பிடித்துத் தன்னையே அமுக்குவது எப்படி என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தவன் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்து, பள்ளிக்கூட மைதானத்தில் காலை நடக்கிற கூட்டம். எல்லோரும் கம்பெனி வைத்திருப்பவர்கள். வெள்ளை ஷூ, வெள்ளை டி-சர்ட். நடை நூல் விலையில் ஆரம்பிக்கும். டாலர் விலையில் வேகம் குறையும். சாயப்பட்டறைப் பிரச்சினையில் முழுவதுமாக நின்றுவிடும். அப்புறம் எல்லோரும் காரில் ஏறி பேக்கரிக்குப் போவார்கள். ஒரு மாதம் அவர்களோடு நடந்ததில் சென்னிமலைக்கு எடை கூடியது.

உண்மையில் அவனுக்கு முழங்காலோ வயிறோ பெரிய பிரச்சினை இல்லை. எதற்காக ஓடுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆடுகிற காலத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து ஓடியிருக்கிறான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட மைக்செட் இருந்தது. இப்போது ஓடி முடித்தால் யார் பாயிண்ட் கொடுப்பார்கள்? எதிரி என்று இருப்பது அந்தப் பொம்மைதான். சரி, அதையே எதிரியாக வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தான்.

அவர்கள் குடியிருந்தது திருப்பூரை ஒட்டிய மண்ணரைப் பகுதியில். விடியற்காலையில் நைட் ஷிஃப்ட் முடிந்தவர்கள் வீடு திரும்புகிற நேரத்தில் தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தான். பொம்மையை மனதில் நிறுத்திக்கொண்டு பாய்வான். இரண்டு மின்கம்பத்துக்குள் மூச்சு முட்டிவிடும். கம்பத்தைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பி, யாரோ காலைப் பிடித்து இழுப்பதுபோல் உதறிக்கொண்டு வீட்டை நோக்கி ஓடி வருவான். வாசற்படியைத் தொட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நாய்களுக்கே இது என்ன ஓட்டம் என்று புரியாமல், குரைக்க வந்தவை குரைக்காமல் நின்றன.

வாசல் தெளித்துக்கொண்டே ஒரு வாரம் இதைப் பார்த்தாள் மதுமதி. ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"ஏனுங் மாமா, வாய்க்குள்ள என்ன முணுமுணுக்கறீங்க?"

"நானா? ஒண்ணுமில்ல புள்ள."

"கபடி கபடிங்கறீங்க."

அவன் திகைத்துப்போனான். உண்மைதான். நாக்கு தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. பாடினால் மூச்சை இழுக்கக் கூடாது, இழுத்தால் அவுட். அவனுக்குத் தெரிந்த ஓட்டமெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் போய்விட்டு வருகிற ஓட்டம்தான். ஆட்டம் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும், மண்ணரைத் தெருவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிராளி இல்லாத கோட்டைத் தொட ஓடிக்கொண்டிருக்கிறான்.

"உங்கள யாருங்க புடிக்க வர்றாங்க? மூச்ச உட்டுட்டே ஓடுங்க. யாரும் விசிலடிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கோலம் போடக் குனிந்தாள்.

மறுநாள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே ஓடினான். முதலில் தப்புச் செய்வது போலவே இருந்தது. ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் நடுவர் எங்காவது நிற்கிறாரா என்று பார்த்தான். இரண்டாவது கம்பம் தாண்டியது. மூன்றாவது தாண்டியது. திரும்ப வேண்டும் என்று ஞாபகம் வந்தபோது, தெருமுனை, பேக்கரி எல்லாம் தாண்டி, இதுவரை வண்டியில் மட்டுமே பார்த்த ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், மறு பக்கம் சோளக்காடு. குளிர்ந்த காற்று நெஞ்சு வரைக்கும் போனது. வேண்டிய மட்டும் இழுக்கலாம், வேண்டிய மட்டும் விடலாம். யாரும் கணக்குக் கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. எதற்கு இந்தச் சந்தோஷம் என்று யோசித்துப் பார்த்து, காரணம் கிடைக்காமல், இன்னும் கொஞ்ச தூரம் ஓடினான்.

அதற்குப் பிறகு மதுமதி எழுப்ப வேண்டியிருக்கவில்லை. ஆரம்பத்தில் ஆபீஸுக்கு வந்ததும் பொம்மையின் பக்கத்தில் நின்று வயிற்றை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன், போகப்போக அதைத் திரும்பிப் பார்ப்பதற்கே மறந்துபோனான். உடம்பு தன்பாட்டுக்கு இறங்கியது. பழைய சாம்பிளை மாட்டினால் வயிற்றில் தொளதொளவென்று தொங்கியது. ரூமில் எல்லோரும் பழக்கதோஷத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். "துணி லூஸாயிட்டு" என்றார் ஒருவர். சாயப்பட்டறைக்காரர் மறுபடி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சீசன் ஃபிட் நாளில் சகாயராஜ் டேப்பைப் போட்டுப் பார்த்தார். நெஞ்சு, தோள், இடுப்பு எல்லாம் பழையபடி சார்ட்டோடு நின்றது. "கர்த்தரே!" என்று சொல்லிவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பொம்மையைத் தூக்கி மூலையில் வைத்து மேலே ஒரு போர்வையைப் போட்டார்கள். சென்னிமலை தன் இடத்தில் போய் நின்றான். கையைத் தூக்கினான், இறக்கினான்.

பத்து நாள் கழித்து முதலாளி அறையிலிருந்து கூப்பிட்டார்கள். போனால் ஆத்தப்பன் முகத்தில் ஒரு சங்கடம். எதிரே சகாயராஜ் புது சார்ட் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு கண்ணு. சாப்ட்டியா?" என்றார் முதலாளி. "ஜெர்மனில கணக்கெடுத்துப் பாத்தாங்களாமா. அங்கத்த சனமெல்லாம் முன்னைக்கு இப்ப நெம்ப பெருத்துப்போச்சுதாமா. ஒருத்தரு போட்டோ எடுத்து அனுப்புனாரு, அவரத் தவுத்து மத்தவியளுக்கெல்லாம் நம்ம பழைய டி-சர்ட்டுத்தான் சரியா இருந்துச்சுங்கறாங்க. அதனால இனிமே லார்ஜுன்னா அதுதானாமா."

"எதுங்க?"

"நீ போன வருசம் இருந்தயல்லொ, அது."

சென்னிமலை சகாயராஜைப் பார்த்தான். அவர் சார்ட்டைப் பார்த்தார்.

"இஞ்ச் மாறாம அதே அளவுண்ணே" என்றார் மெதுவாக.

"அது ஒண்ணும் செரமமில்ல கண்ணு" என்றார் ஆத்தப்பன் அவசரமாக. "எறக்குறதுதான் கஷ்டம், ஏத்தறது சுலுவு. மூணு மாசம் நல்லாச் சாப்புடு. கறி, முட்டை, பேக்கரி எல்லாம் கம்பெனி பாத்துக்கும். காத்தால கொஞ்சம் தூங்கு. ஓடறது கீடறது வேண்டாம்."

சென்னிமலைக்கு இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. சரி என்றால் ஏசி, நாற்காலி, 'எங்க லார்ஜ்'. இல்லை என்றால் படி இறங்கிக் கீழே போய் அட்டைப்பெட்டி; அதுவும் இந்த முழங்காலோடு. முதலாளி கேட்டு அவன் இதுவரை எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஆடு என்றார், ஆடினான். நிறுத்து என்றார், நிறுத்தினான். கையைத் தூக்கு என்றார்கள், தூக்கினான். உடம்பை இறக்கு என்றார், இறக்கினான்.

"முடியாதுங்க" என்றான்.

ஆத்தப்பன் சரியாகக் காதில் விழாதவர்போல் சிரித்தார். "கோழியும் சேத்திக்கலாம் கண்ணு."

"அதுக்கில்லீங்க. ஆடறப்பவும் இது உங்க ஒடம்பாத்தான் இருந்துச்சுங்க. இங்க நின்னப்பவும் உங்க ஒடம்புதானுங்க. இப்பத்தானுங்க காத்தால ஒரு சித்த நேரம் என்னுதா இருக்குது. அதைய மட்டும் கேக்காதீங்க."

சொல்லி முடித்ததும் எழுந்து நின்றான்.  பதிலே சொல்லாத பொம்மைக்கு எவ்வளவு விலை கேட்டாலும் கொடுத்திருக்கலாம் என்று அந்த நேரத்தில் முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் பார்வை மெதுவாக நகர்ந்து சகாயராஜின் வயிற்றில் போய் நின்றது. சகாயராஜ் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்தார். ஆனால் எத்தனை நேரம்தான் இழுத்துப் பிடிக்க முடியும்?

"மாஸ்டர், கையத் தூக்குங்க பாக்கலாம்" என்றார் ஆத்தப்பன்.

சென்னிமலை படி இறங்கிப் பேக்கிங்குக்குப் போனான். அன்று முழுக்கப் பெட்டி தூக்கியதில் இரவு முழங்கால் வீங்கிவிட்டது. மதுமதி எண்ணெய் தடவிக்கொண்டே, போனது ஏசி வேலை, இருப்பது முழங்கால் வலி என்று கணக்குச் சொல்லித் திட்டினாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விடியற்காலையில் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "இன்னும் எதுக்குங்க? இனி யாருக்கு அளவு காட்டறதுக்கு?" என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு, முழங்கால் வலிக்கு ஏற்றபடி மெதுவாக ஓட ஆரம்பித்தான்.